மூன்று ஆசிரியர்களிடம் கதை கேட்டு எழுதினால் அது ஆய்வாகுமா?

கேள்வி: 8 ஜூன் 2024

எம்.எட். இரண்டாம் ஆண்டு. ஆய்வேட்டுக்குத் தலைப்பு கொடுக்க இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. "மூன்று ஆசிரியர்களை எடுத்துக்கொண்டு நரேட்டிவ் ரிசர்ச் பண்ணு" என்கிறார் கைடு. வகுப்பில் மற்றவர்கள் 300 மாணவர்களுக்கு வினாத்தாள் கொடுத்து டி டெஸ்ட், அனோவா என்று புள்ளியியலில் போய்க்கொண்டிருக்கிறார்கள். மூன்று பேரிடம் கதை கேட்டு எழுதுவதை ஒரு பத்திரிகைக்காரர் செய்வார், சிறுகதை எழுதுகிறவரும் செய்வார். இது எப்படி ஆய்வாகும்? செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: 8 ஜூன், இரவு

செய்திருக்கிறேன். ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பிஎச்.டி. முடித்தேன். செயல்வழிக் கற்றல் வந்தபோது தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் என்ன அனுபவித்தார்கள் என்பதுதான் தலைப்பு.

கதை கேட்பது மட்டும் ஆய்வாகாது. அதை யாரிடம், எப்போது, எங்கே உட்கார்ந்து சொன்னார் என்பதையும் எழுத வேண்டும். எழுதியதைச் சொன்னவரிடமே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர் மறுப்பதையும் உள்ளே சேர்க்க வேண்டும். அப்போது ஆய்வாகும். என் அனுபவத்தில் கடைசி வேலைதான் கடினம். நாளை விரிவாக எழுதுகிறேன், காலையில் பள்ளித் தளவாடக் கணக்கு முடிக்க வேண்டும்.

9 ஜூன்

முதலில் பெயர். கதையாடல் ஆய்வு, எடுத்துரைப்பு ஆய்வு, கதைவழி ஆய்வு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், 'விவரிப்பு' என்று மட்டும் போடாதீர்கள். விவரண ஆய்வு என்று புரிந்துகொண்டு, "சர்வே எங்கே, சதவீதம் எங்கே?" என்பார்கள். எனக்கு முதல் கமிட்டிக் கூட்டத்தில் அரை மணி நேரம் அதிலேயே போனது.

கல்வித்துறையில் இந்த முறைக்கு ஒரு வடிவம் கொடுத்தவர்கள் கனடாவைச் சேர்ந்த மைக்கேல் கானலி, ஜீன் கிளாண்டினின் இருவரும். 1990இல் எஜுகேஷனல் ரிசர்ச்சர் இதழில் அவர்கள் எழுதிய கட்டுரையிலிருந்துதான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். அவர்களுக்கு அடித்தளம் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி. ஓர் அனுபவம் முந்தைய அனுபவத்திலிருந்து முளைத்து அடுத்ததற்குள் போகிறது, அதோடு அது எப்போதும் ஒரு மனிதருக்கும் அவரைச் சுற்றி இருப்பவற்றுக்கும் இடையில் நடக்கிறது என்று டூயி 1938இலேயே சொல்லிவிட்டார். இவர்கள் அதை எடுத்து, ஒரு கதையைப் பார்க்கும்போது காலம், சமூக உறவு, இடம் மூன்றையும் ஒருசேரப் பார் என்றார்கள்.

படிக்கும்போது இது சாதாரணமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆய்வுத் திட்டத்தில் ஒரு பத்தி எழுதி, மூன்றையும் பெயர் சொல்லி, அப்படியே மறந்துவிட்டேன். அதன் பலனை அடுத்த குறிப்பில் சொல்கிறேன்.

11 ஜூன்

செயல்வழிக் கற்றல் தெரியாதவர்களுக்காக. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 4ஆம் வகுப்பு வரை வந்தது. ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறைதான் அதற்கு முன்மாதிரி. நாற்காலி போய்ப் பாய் வந்தது. சுவரின் அடிப்பாகம் சுற்றிலும் பிள்ளைகளின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை. தலைக்கு மேல் கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்த படங்கள். பாடம் முழுக்க அட்டைகளாகத் தட்டுகளில் இருக்கும். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சின்னம். சுவரில் ஏணிப்படி அட்டவணை, அதைப் பார்த்து அடுத்த அட்டை எது என்று பிள்ளையே போய் எடுத்துக்கொள்ளும்.

நான் 14 ஆசிரியர்களிடம் பேசினேன், ஆளுக்கு ஒரு தடவை. எல்லாவற்றையும் தட்டச்சு செய்து, வரிவரியாகப் பிரித்து, 'அச்சமின்மை', 'பணிச்சுமை', 'படைப்பாற்றல்' என்று தலைப்புப் போட்டு அடுக்கினேன். பிரிண்ட் எடுத்துக் கத்தரியால் வெட்டி, வீட்டுத் தரையில் பரப்பியிருந்தேன். மின்விசிறியைப் போட வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்த கோடை அது.

கைடு வந்து பார்த்தார். ஒரு துண்டை எடுத்து, "இது யார் சொன்னது?" என்றார். எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. பின்னால் எண் போட்டிருந்தேன், திருப்பிப் பார்த்துத்தான் சொன்னேன். "அப்போ யார் சொன்னாலும் ஒன்றுதானே உனக்கு" என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. அவர் கேட்டதுதான் சரி.

உளவியலாளர் டொனால்ட் போல்கிங்ஹார்ன் 1995இல் பிரித்துக் காட்டியது இதைத்தான். கதைகளைச் சேர்த்து வைத்து அவற்றில் பொதுவானதைத் தேடுவது ஒரு வேலை. சிதறிக் கிடக்கும் நிகழ்வுகளைக் கோத்து ஒரு கதையாக்கி, அதன் வழியே ஒருவருடைய அனுபவத்தைப் புரிந்துகொள்வது இன்னொரு வேலை. இரண்டுமே நல்ல வேலைதான். நான் முதலாவதைச் செய்துகொண்டு இரண்டாவதன் பெயரைப் போட்டிருந்தேன்.

14 பேரில் மூன்று பேரிடம் மட்டும் திரும்பப் போனேன். ஒன்றரை வருடம் போய்வந்தேன்.

12 ஜூன்

அந்த மூவரில் ஒரு டீச்சரைப் பற்றி. ஈராசிரியர் பள்ளி, அவர்தான் தலைமை ஆசிரியை. என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர்.

முதல் சந்திப்பு அவருடைய மேசைக்கு எதிரில். பதிவேடுகளை எடுத்து வைத்துவிட்டார். "பிள்ளைங்க பயமில்லாம இருக்காங்க சார். அட்டை கிழிஞ்சாலோ தொலைஞ்சாலோ நாங்களே செஞ்சுக்குவோம் சார். எல்லாம் நல்லாப் போகுது சார்." இந்த அட்டை வரியைத்தான் நான் 'படைப்பாற்றல்' என்ற தலைப்பின் கீழ் ஒட்டியிருந்தேன். ஆசிரியரின் புதுமை, குறைந்த செலவில் கற்பித்தல் உபகரணம் என்று ஒரு பக்கம் எழுதியும் விட்டேன்.

மூன்றாவது சந்திப்பு வகுப்பறைப் பாயில். பிள்ளைகள் போன பிறகு அட்டைகளைச் சின்னம் வாரியாகத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து அடுக்கினேன். எல்லாம் ஓரம் நைந்து, செல்லோ டேப் ஒட்டி, டேப்பும் மஞ்சளாகிப் போன அட்டைகள். நடுவில் ஒன்று மட்டும் கனமாக இருந்தது. திருப்பினால் பின்பக்கம் கல்யாணப் பத்திரிகை. மஞ்சள் தடவிய மூலை, தங்க எழுத்தில் பாதி முகூர்த்த நேரம். முன்பக்கம் ஸ்கெட்ச் பேனாவில் ஓர் ஆடு, பக்கத்தில் குளம், கீழே நான்கு வார்த்தைகள்.

"இதுதானே நீங்களே செஞ்சது? இதைப் பத்தி எழுதியிருக்கேன்" என்று அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். அப்புறம் சொன்னார்: "புதுமையும் இல்ல ஒண்ணும் இல்ல தம்பி. பயம்."

மறுநாள் கல்வி அதிகாரிகளின் விசிட் என்று முந்தின நாள் மாலைதான் தகவல் வந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தால் ஓர் அட்டை குறைகிறது. ஏதோ பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டது. அதற்கு முன் ஒரு விசிட்டில் பிள்ளைகள் முன்னாலேயே நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். வீட்டில் கெட்டி அட்டை இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு, பீரோவில் இருந்த தங்கை மகள் கல்யாணப் பத்திரிகையை வெட்டி வரைந்திருக்கிறார். அசல் அட்டையில் என்ன படம் இருந்தது என்று நினைவில்லை. அதனால் ஊர்க் குளத்தையும் பக்கத்து வீட்டு ஆட்டையும் போட்டார்.

விசிட்டில் யாரும் அட்டையை எண்ணவே இல்லையாம்.

மூன்று மாதம் கழித்துப் புது அட்டை வந்தது. பிள்ளைகள் அதைத் தொடவில்லை. "ஆட்டு அட்டைதான் வேணும் டீச்சர்" என்று அதற்குச் சண்டை. அதனால் அதுவும் தட்டிலேயே தங்கிவிட்டது.

12 ஜூன், அரை மணி கழித்து

ஒன்று விட்டுப்போனது. முதல் சந்திப்பில் நான் 'சார்', மூன்றாவதில் 'தம்பி'. அதைவிட முக்கியமாக, முதல் சந்திப்பு முழுக்க அவர் சொன்னது 'நாங்க'. "நாங்க பண்றோம், நாங்க செஞ்சுக்குவோம்." மூன்றாவதில், "நம்மள நிக்க வச்சுக் கேப்பாங்கல்ல தம்பி, நாம என்ன பண்ண முடியும்?" நானும் ஆசிரியர்தான் என்பது முதல் நாளே அவருக்குத் தெரியும். ஆனாலும் அன்று நான் கையில் ஃபைலோடு மேசைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தவன். 'நாங்க'வில் எனக்கு இடமில்லை. பாயில் உட்கார்ந்து அட்டை அடுக்கியபோது 'நாம' வந்தது.

காலம், உறவு, இடம் என்று ஒரு பத்தி எழுதி மறந்தேன் என்றேனே, அந்த மூன்றும் இந்த ஒரு சொல்லில் இருந்தன. இதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. ஆய்வேட்டை நான் எழுதியது ஆங்கிலத்தில். நாங்க, நாம இரண்டுக்கும் அங்கே ஒரே சொல். மொழிபெயர்த்து வைத்திருந்த பிரதியை மட்டும் படித்துக்கொண்டிருந்தவரை அது கண்ணிலேயே படவில்லை. ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டபோதுதான் பிடிபட்டது.

15 ஜூன்

ஒலிப்பதிவை எழுத்தாக்குவது எப்படி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு மணி நேரப் பேச்சுக்கு எனக்கு ஆறு மணி நேரம் பிடித்தது. சத்துணவு மணி, பம்ப்செட், "சார், இதுல பாட்டு வருமா?" என்று ரெக்கார்டரைக் கேட்கிற இரண்டாம் வகுப்புக் குரல் எல்லாம் அதில் உண்டு. அந்தக் கேள்விக்கு அன்று நான் ஒரு பாட்டுப் போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. அப்புறம்தான் டீச்சரிடம் பேச விட்டார்கள்.

தயவுசெய்து பேச்சைத் திருத்தாதீர்கள். நான் முதலில் எல்லாவற்றையும் 'செய்துகொள்வோம்', 'வந்துவிட்டார்கள்' என்று எழுத்துத் தமிழாக்கிவிட்டேன். படிக்க அழகாக இருந்தது. மூன்று ஆசிரியர்களும் ஒரே ஆள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

மேலே "யாரும் அட்டையை எண்ணவே இல்லையாம்" என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? அந்த 'ஆம்' டீச்சருடையது. "எண்ணவே இல்லையாம்"தான் பதிவில் இருக்கிறது. நான் முதல் தடவை அதை "எண்ணவில்லை" என்று தட்டச்சு செய்திருந்தேன். பார்த்தவர் 'எண்ணல' என்பார், கேள்விப்பட்டவர்தான் 'எண்ணலையாம்' என்பார். விசிட் அன்று அவர் அங்கேதானே இருந்தார், ஏன் 'ஆம்' போட்டார் என்று திரும்பப் போய்க் கேட்டேன். விசிட் வந்த நேரத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு வீட்டில் விடப் போயிருந்தாராம். உடன் வேலை பார்த்த ஆசிரியர் சொல்லித்தான் தெரியும். ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து வரைந்தவர், யாரும் எண்ணாததைப் பார்க்கக்கூட அங்கே இல்லை. ஒரு 'ஆம்' விகுதியைக் கவனிக்காமல் விட்டிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

மொழியியலாளர் லபோவ், அவரோடு வலெட்ஸ்கி, இருவரும் 1967இல் வாய்மொழிக் கதைகளின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டினார்கள். அதில் அவர்கள் பெரிதும் வலியுறுத்தியது, இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்று சொல்பவர் உணர்த்தும் இடத்தை. நம் ஆட்கள் பேச்சில் அது "அதை ஏன் கேக்குறீங்க" என்று வரும், அல்லது ஒரு பெருமூச்சாக வரும். பெருமூச்சையும் எழுதி வையுங்கள்.

16 ஜூன்

"அப்போ முதல் சந்திப்பில் டீச்சர் சொன்னது பொய், மூன்றாவதுதான் உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். 12ஆம் தேதிக் குறிப்பை இப்போது படித்தால் அந்தத் தொனி அதிலும் இருக்கிறது.

கிளாண்டினினும் கானலியும் 1996இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். மேலிருந்து இறங்கி வந்து யாரும் கேள்வி கேட்க முடியாமல் நிற்கும் கதை ஒன்று. கதவைச் சாத்திய வகுப்பறைக்குள் ஆசிரியர் வாழ்வதும், நம்பிக்கையானவரிடம் மட்டும் சொல்வதும் இன்னொன்று. வெளியே வரும்போது, தான் சரியாகச் செய்கிறவர் என்று காட்டச் சொல்வது மூன்றாவது. முதலாவதைப் புனிதக் கதை, இரண்டாவதை ரகசியக் கதை, மூன்றாவதை மூடுகதை என்று நான் தமிழில் வைத்துக்கொண்டேன்.

மூடுகதை என்றவுடன் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "நாங்களே செஞ்சுக்குவோம் சார்" என்பதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த வரியால்தான் அவர் பத்து வருடம் தன் வகுப்பைத் தன் விருப்பப்படி நடத்தினார். அந்தத் தடுப்புக்குப் பின்னால்தான் ஆட்டு அட்டை உயிரோடு இருந்தது.

மூன்றாவது சந்திப்பின் கதையும் யாரோ ஒருவருக்குச் சொன்னதுதான். விசிட் என்றால் வயிறு கலங்குகிற இன்னோர் ஆசிரியனுக்கு. கல்வித்துறைச் செயலாளரின் மனைவி அதே பாயில் உட்கார்ந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார். ஆகவே எது நிஜம் என்று தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடையில் என்ன மாறியது என்று எழுதினேன். என் நான்காம் அத்தியாயம் அதுதான்.

20 ஜூன்

இதை எழுதலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதியதில் அர்த்தமில்லை.

பெயரை மாற்றினேன். ஊரை மாற்றினேன். மாவட்டத்தையே சொல்லவில்லை. ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். ஆட்டையும் குளத்தையும் பத்திரிகையின் தங்க எழுத்தையும் ஆசையாக வர்ணித்திருந்தேன். வாசித்து முடித்ததும் பின்வரிசையில் இருந்து ஒருவர் எழுந்து, "இது நம்ம டீச்சர்ல!" என்று பெயரைச் சொல்லிவிட்டார். மகிழ்ச்சியில்தான் சொன்னார். அவர் அந்தப் பள்ளிக்குப் போய் அந்த அட்டையைப் பார்த்தவர். அடுத்த வாரமே டீச்சருக்கு ஃபோன். அட்டை தொலைந்தது உண்மையா, விசிட் பற்றி இப்படிச் சொன்னீர்களா என்று.

"பரவாயில்ல தம்பி" என்றார் என்னிடம். ஆனால் அதற்கப்புறம் இரண்டு மாதம் அவர் என்னைக் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் சுருக்கமாகப் பேசி வைத்துவிட்டார். போனில் திரும்பவும் 'சார்' வந்திருந்தது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தேன், கமிட்டி அனுமதி இருந்தது, எல்லாம் முறைப்படிதான் இருந்தது.

300 பேருக்கு வினாத்தாள் கொடுத்தால் யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. இந்த முறையின் பலமே நுணுக்கம்தான், அந்த நுணுக்கமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஓர் ஒன்றியத்தில் எத்தனை ஈராசிரியர் பள்ளி, அதில் எத்தனை பெண் தலைமை ஆசிரியை? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இரண்டு ஆசிரியர்களைச் சேர்த்து ஒரே ஆளாக எழுதுவது இதற்கு ஒரு வழி என்று சிலர் சொல்வார்கள். முயன்று பார்த்தேன். என் மூவரில் இன்னொருவரின் வாழ்க்கையை டீச்சருடையதோடு கலந்தபோது பயத்துக்குக் காரணம் மாறிப்போனது, கதை பொருளற்றதாகிவிட்டது. கடைசியில் செய்தது இதுதான்: எந்த அடையாளத்தை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்று டீச்சரோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். ஆய்வேட்டில் அவர் சொன்ன மூன்று பக்கங்கள் வெளியே போயின. அந்த மூன்று பக்கங்களும் நான் எழுதியதிலேயே நன்றாக வந்தவை.

இங்கே எழுதியதையும் அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், இனி யாரும் ஃபோன் செய்ய மாட்டார்கள், எழுது என்றார். சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எவை என்று சொல்லப் போவதில்லை.

23 ஜூன்

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளித்தேர்வாளர் கேட்டது: "மூன்று பேரை வைத்து எப்படிப் பொதுமைப்படுத்துவீர்கள்?" கட்டாயம் வரும், தயாராக இருங்கள். நான் பொதுமைப்படுத்தவில்லை என்று சொன்னேன். செயல்வழிக் கற்றல் வெற்றியா தோல்வியா என்று என் ஆய்வு சொல்லாது. அதற்கு எண்கள் வேண்டும், எண்களால் ஆய்வு செய்கிறவர்கள் வேண்டும். ஒரு திட்டம் மாநில அலுவலகத்திலிருந்து புறப்பட்டு ஓர் ஆசிரியையின் ராத்திரி பதினோரு மணிக்குப் போய்ச் சேரும்போது என்னவாகிறது என்பதைத்தான் என் ஆய்வு காட்டும். உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1986இல் சொன்ன இரண்டு சிந்தனை முறைகளையும் சொன்னேன். ஒரு வாதம் சரியா என்று நிரூபிக்கும் முறை ஒன்று, மனிதர்கள் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்று கதையாகப் புரிந்துகொள்ளும் முறை மற்றொன்று. ஒன்றை மற்றொன்றாக மாற்ற முடியாது.

அவர் தலையாட்டினார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை. பட்டம் கிடைத்தது.

பத்திரிகைக்காரரும் செய்வாரே என்ற உங்கள் முதல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நல்ல பத்திரிகைக்காரர் என்னைவிட நன்றாகக் கேட்பார், நன்றாகவும் எழுதுவார். எழுதியதை அச்சுக்கு முன் கொண்டுபோய்க் காட்டி, "புதுமை இல்ல, பயம்" என்று கேட்டுவிட்டு, தான் எப்படித் தப்பாகப் படித்தேன் என்பதையும் அதே கட்டுரையில் எழுத அவருக்கு நேரமும் இடமும் இருக்காது. எனக்கு ஒன்றரை வருடம் இருந்தது.

30 ஜூன்

தலைப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். மிகவும் சந்தோஷம். வியாழக்கிழமை முதல் ஆசிரியரைப் பார்க்கப் போவதாகச் சொல்கிறீர்கள். பள்ளி விட்ட பிறகு போங்கள். வேலை ஏதாவது கையில் இருக்கும்போது பேச்சு நன்றாக வரும், அந்த வேலையில் நீங்களும் கை கொடுங்கள். முதல் நாளில் கிடைப்பது அறிக்கை மாதிரித்தான் இருக்கும், அதையும் பத்திரமாக வையுங்கள்.

எழுதியதைக் காட்டப் போகும்போது லேப்டாப்பைத் திருப்பிக் காட்டாதீர்கள். பெரிய எழுத்தில் அச்செடுத்து, பக்கத்து ஓரத்தில் நிறைய இடம் விட்டு, தமிழில் கொண்டுபோங்கள். பேனாவையும் அவரிடமே கொடுங்கள். டீச்சர் எனக்குத் திருப்பிக் கொடுத்த பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. 'படைப்பாற்றல்' என்ற சொல்லைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, எங்கள் பள்ளி நோட்டுத் திருத்துவது போலவே, ஓரத்தில் சின்னதாக 'மீண்டும் எழுது' என்று போட்டிருந்தார்.